வாடைக்கு முந்தைய எடை

கச்சான் ஓய்ந்து ஒன்பது நாளாகிறது.
வாடை இன்னும் இறங்கவில்லை.
நம்புதாலைக் கரையில்
கவிழ்த்துப் போட்ட வத்தைகளின் வயிற்றில்
கீல் காய்ச்சி ஊற்றுகிற வாசனை.
தை பிறந்ததும் பந்தயம்.
தீபாவளிகூட எங்களுக்கு
அதற்கு முன்னால் வருகிற ஒரு நாள்தான்.

பாய் தயார்.
கல்யாண பேனரைக் கிழித்து
மெகராஜ் மச்சான் ஒட்டுப் போட்டதில்
மாப்பிள்ளையின் ஒரு காது மட்டும்
மூன்றாவது தையலுக்கு மேலே தெரிகிறது.
காற்று வருவது அதற்குத்தான் முதலில் கேட்கும்
என்கிறான்.
பருமலுக்குப் புது மூங்கில்.
தாமான் கயிறு தொண்டியில் வாங்கியது;
மீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைக்க
ஒரு மணி நேரம் பேசினோம்.

குறைவது எடை.

ஆறு பேர் ஏறுகிற படகு.
காற்று ஒரு பக்கம் சாய்க்கையில்
மறுபக்கப் பலகையின் நுனிக்குப் போய்
முதுகை அலைக்குக் கொடுத்து
மல்லாந்து தொங்க வேண்டியவன் கூரிச்சாத்தான்.
போன தையில் எண்பத்து நாலு கிலோ.
இந்த ஐப்பசிக்குள்
சர்க்கரை அவனில் பதினெட்டைத் தின்றுவிட்டது.
மீன் நிறுக்கிற தராசில் ஏறியபோது
கைலி மடிப்பில் கல் வைத்திருந்தான்.
யாரும் சொல்லிக்காட்டவில்லை.

மண் மூட்டை போடலாமென்றால்
கமிட்டி விதி இருக்கிறது:
ஏற்றிய மூட்டை அத்தனையும்
கரைக்குத் திரும்ப வேண்டும்.
எதிர்காற்றில் போகும்போது கைகொடுக்கிற பாரம்
வரும்போது காலைப் பிடித்து இழுக்கும்.

யோசனை என்னுடையது.
ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு
வேறெதில் யோசனை வரும்?
ஒரு பார் ஐம்பது கிலோ.
மிதவையைச் சுற்றுவதற்குள் பாதி உருகிவிடும்.
உருகியதைக் கொண்டுவா என்று
எந்த விதியிலும் எழுதவில்லை.
சிரித்தார்கள்.
அப்புறம் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெள்ளோட்டம்.
வழுக்காமலிருக்க ஒரு சாக்கு மட்டும் சுற்றினோம்.
உமி வைக்கவில்லை, உருக வேண்டுமே.
புகையாக மூச்சு விட்டுக்கொண்டு
ஏழாவது ஆளாக அது உட்கார்ந்திருந்தது.
கொண்டல் கொஞ்சம் எழும்பியது.
முதல் மைல்
கோடு போட்டது போலப் போனோம்.

ஐஸ் உருகியது.
எடை போகவில்லை.

தண்ணீராகிப் பள்ளம் பார்த்து ஓடி
சாய்ந்த பக்கமே போய்ச் சேர்ந்துகொண்டு
காற்றோடு கூட்டு வைத்துவிட்டது.
கடல் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது.
படகில் பன்னிரண்டாவது வரை படித்தவன்
நான் ஒருத்தன்தான்.
அதையும் யாரும் சொல்லிக்காட்டவில்லை.

கூரிச்சாத்தான் பலகையிலிருந்து உள்ளே குதித்தான்.
அறுத்த எண்ணெய்க் கேனோடு
அணியத்துக் கட்டைகளின் இடுக்கில் நுழைந்தான்,
எண்பத்து நாலு கிலோ
ஒருநாளும் நுழைந்திருக்க முடியாத இடத்தில்.
இறைத்தான்.
விரல் வெளுத்து விறைக்க இறைத்தான்.
நடுவில் ஒரு வாய் குடித்துப் பார்த்து,
"நல்ல தண்ணிடா, பாழாக் கடல்ல ஊத்துறோம்" என்றான்.
குடத்துக்குப் பத்து ரூபாய் கொடுக்கிற ஊர்;
எல்லோருக்கும் வலித்தது.

நிமிர்ந்தோம், பாதிதான்.
பலகை நுனியில் இனி யார் தொங்குவது என்று
கரை வரை பேச்சு. முடியவில்லை.
இறங்கியபோது
மனிதத் தலையளவு ஐஸ் மிச்சம்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் துடுப்பால் உடைத்துக்
கடவாயில் ஒதுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கூரிச்சாத்தான் மறுபடி தராசில் ஏறினான்.
கைலியை உதறிக் காட்டிவிட்டு
"சத்தமாச் சொல்லு" என்றான்.
அறுபத்தாறு.

ராத்திரி ஷிஃப்டுக்கு சைக்கிளில் போகையில்
வடகிழக்கிலிருந்து ஒரு இழுப்பு,
ஒரு காதுமடலில் மட்டும்.