மூன்றாம் கிளாரினெட்

பொடியர் பேண்டில் எனக்கு முதல் நாற்காலி.
ஒன்பது பேர், நான்கு பாட்டு,
எல்லாரும் ஒரே சுரத்தில்,
கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும்
பாலர் வகுப்பு மாதிரி.

ஆடி பிறக்கும் முன்னே
நடு பேண்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.
பாம்பனில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
தகரக் கொட்டகை. முப்பத்தெட்டுப் பேர்.
தூணை ஒட்டிக் கிடந்த நாற்காலியின் முதுகில்
சாக்பீஸால் எழுதியிருந்தது: மூ.கி. 4.
அது நான்.

தாளைப் பார்த்தேன்.
காயப்போட்ட நெத்திலியில் ஈ மொய்த்தது போல்
கோடெல்லாம் புள்ளி.
முகப்பில் மூன்று ஷார்ப்.
அதுவரை ஒரே ஒரு ஷார்ப்போடு
குடும்பம் நடத்தியவள் நான்.

கச்சான் காற்று.
தாள் பறக்காமலிருக்க
அம்மாவின் கொடியிலிருந்து நாலு கிளிப் எடுத்துப் போயிருந்தேன்.
அன்று சாயங்காலம் அப்பாவின் கைலி
பக்கத்து வீட்டு முருங்கையில் இருந்தது.

ரெக்சன் சார் கையை இறக்கினார்.
அதன்பிறகு நடந்ததைக்
காதால் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
பெரிய டிரம் என் கடைவாய்ப் பல்லில் இடித்தது.
பின்வரிசை டிராம்போன்கள்
பிடரி மயிரை ஊதித் தள்ளின.
நான் ஒன்பதாம் கட்டத்தைத் தேடிக்கொண்டிருக்க
அவர்கள் இருபதில் போய்க்கொண்டிருந்தார்கள்.
பாலத்தில் போகிற ரயிலென்றால்
ஓடியாவது ஏறிக்கொள்ளலாம்.
இது அந்த ரயில் இல்லை.

அதனால்
விரலை மட்டும் அசைத்தேன்.
கன்னத்தை உப்பிக்கொண்டு
மூச்சை மூக்கால் விட்டேன்.
ரீட் நாக்கில் ஊறி ஊறி
ஐஸ்குச்சி ருசிக்கு வந்துவிட்டது.
மூன்று வெள்ளிக்கிழமை இப்படி.
'பேண்ட் எப்படிப் போகுது?'
'நல்லாப் போகுது.'
போகத்தான் செய்தது, நான் இல்லாமல்.

பக்கத்து நாற்காலி, மூ.கி. 3, சபூரா.
எட்டாம் வகுப்பு. தாளைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள்.
வலையில் சிக்கிய நண்டைக்
கால் முறியாமல் கழற்றுகிற வேகம் அந்த விரல்களுக்கு.
அவளுக்கு அப்பால் ஆன்சல்.
அப்பாலுக்கு அப்பால் காலி நாற்காலி,
அதற்குரியவள் அம்மை போட்டுப் படுத்திருந்தாள்.
சபூராவின் சத்தத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறேன்
என்று நம்பியிருந்தேன்.

நாலாம் வெள்ளி
சார் குச்சியால் ஸ்டாண்டைத் தட்டினார்.
'எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு.
மூன்றாம் கிளாரினெட் மட்டும்,
முப்பத்திமூணிலேருந்து.'

கை ஏறியது. இறங்கியது.

தகரத்தில் மணல் விழுவது கேட்டது.
ஐஸ் உடைக்கும் மிஷின் கேட்டது.
மூன்று பேரின் இருபத்தேழு விரல்கள்
ஒரு குறையில்லாமல்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.
வேறெதுவும் கேட்கவில்லை.

நான் சபூராவைப் பார்த்தேன்.
அவள் ஆன்சலைப் பார்த்தாள்.
அவன் இன்னும் விரலை நிறுத்தவில்லை, பாவம்.

டிரம்பெட் வரிசையில் ஒருவன் தும்முவதுபோல் சிரித்தான்,
பிறகு கொட்டகையே தும்மியது.
சார் கண்ணாடியைக் கழற்றி
உப்புப் படலத்தைச் சட்டை நுனியில் துடைத்தார்,
ரொம்ப நேரம்.
'திரும்ப, முப்பத்திமூணு.'

சபூராவின் செருப்பு என் செருப்பை மிதித்தது.
ஒண்ணு. ரெண்டு.

ஊதினோம்.
ஒரே மீனுக்கு மூன்று கடற்காகம் அடித்துக்கொண்டது போல
மூன்று உயரத்தில் மூன்று கிறீச்.
நிறுத்தவில்லை.
நாற்பதாம் கட்டத்தில்,
யார் யாரைத் தேடிப் போனோமோ,
மூவரும் ஒரே சுரத்தில் வந்து இடித்துக்கொண்டோம்.
தூணில் சாய்த்திருந்த சிம்பல்
யாரும் தொடாமலே
'ஸ்ஸ்' என்றது.
நாற்பத்தொன்றில் மறுபடி தொலைந்தோம்.

வெளியே வந்தபோது சபூரா சொன்னாள்:
'நீ ஊதுறேன்னுல்ல நெனச்சிருந்தேன்.'
'நானும்தான்டீ.'
ஆன்சல் சைக்கிள் செயினை மாட்டுகிறவன் போலக்
குனிந்தே இருந்தான்.

இரண்டு வாரம் கழித்து
மூ.கி. 1 தழும்பு மாறாத முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.
சார் கையை இறக்கினார்.
முப்பத்தெட்டுப் பேர் ஊதுகிற அமளியில்,
நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம்.
அவள் ஊதாதது
எங்களுக்குக் கேட்டது.