கோட்டின் தடிமன்

கணபதியில் கல்யாண மண்டபம்.
மணவறை இருந்த இடத்தில் ரயில் வரைபடம்.
டெல்லி பாதி, சென்னை பாதி,
மிச்சத்துக்குக் கடன் என்றார் அதிகாரி.
பாதியும் பாதியும் போக என்ன மிச்சம் என்று
யாரும் கேட்கவில்லை.

"ஸ்டேஷன் நம்ம வீதிக்கு வேணும்,
தூண் அக்கட்டால போவட்டும்."
கவுன்சிலர் கமலவேணிக்குக் கைதட்டல்.
அடுத்த வீதிக்காரர்களும் தட்டினார்கள்,
அதே நினைப்பில்.

சத்தி ரோட்டிலிருந்து
நாலு மில்லிமீட்டர் கிழக்கே தள்ளினால்
போதுமாம், படத்தில்.

நூறில் ஒரு மில்லி பிசகினாலும்
ஷாப்டைத் திருப்பி அனுப்புகிற
லேத் பட்டறைக் குருந்தாசலம்
எழுந்து போய்
வெர்னியரைக் கோட்டின்மேல் வைத்தார்.

"கோட்டுத் தடிமனே ரெண்டு மில்லிங்க.
என்ற பட்டறை
இந்த மைக்கு அடியில இருக்குதுங்."

மைக் கமலவேணியிடம் இருந்தது.
முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.