இரண்டரைப் பாட்டுச் சோறு

சோறு வேக இரண்டரைப் பாட்டு.
குக்கர் இல்லை என்னிடம். இருந்ததை விற்றுவிட்டேன்.
சரணத்தின் உச்சியில்
ஒரு குரல் மூச்சுப் பிடித்து நிற்கும்போது
விசிலடிக்கிற ஒன்றோடு
குடித்தனம் ஆகாது.

ராணிப்பேட்டையில் பகலெல்லாம்
ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
நாற்பது மெஷின், ஒரே சுருதி.
சைதாப்பேட்டை மூன்றாம் மாடி ஏறியதும்
முதலில் ரேடியோ, பிறகு அடுப்பு,
அப்புறம்தான் விளக்கு.

கொள்ளு ரசத்துக்கு
தவில் முந்திக்கொண்டு ஓடும் திருவிழாப் பாட்டு;
பொங்குமுன் இறக்க அந்த அவசரம் வேண்டும்.
புளிக்குழம்புக்கு ஆண்குரல், கொஞ்சம் சளி பிடித்தது.
வெங்காயம் நறுக்கச் சோகப்பாட்டு கூடாது,
எதற்கு எவ்வளவு அழுதோம் என்று
கணக்கு குழம்பும்.
இலவம்பாடி முள்ளுக்கத்திரி இருக்கிறதே,
அதற்குப் பல்லவிக்கு முன்னால்
ரொம்ப நேரம் வயலின் அலைகிற பாட்டு.
காம்பு முள் விரலில் ஏறாமல்
நாலாய்க் கீறி, எண்ணெயில் புரட்டி,
பாடுகிறவள் வாயைத் திறக்கும்போது
கத்திரிக்காய்க்குத் தோல் சுருங்கியிருக்கும்.
உப்புமாவுக்கு விளம்பரமே போதும்.

பக்கத்து மெஷின் ரஹமத்துன்னிசா, மேல்விஷாரம்,
இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டாள்.
"பிரியாணிக்கு இன்னா பாட்டு?
தம் போட்டா மூடியைத் தொறக்காதே,
வாயையும் தொறக்காதே."

எதிர் அறைக்கு ஆனியில் வந்தார் தபன் மண்டல்.
மால்டாவோ, அதற்கும் அப்பாலோ.
மகள் ஆஸ்பத்திரியில்.
வராந்தாவில் எங்களுக்கு ஒரே அடுப்பு.
கடுகெண்ணெய் காய்ந்ததும் மாடி முழுக்கத் தும்மல்.
கீழ்வீட்டு பேபியம்மா
"இன்னாய்யா இது" என்று கத்த,
அவர் சிரித்து, ஜன்னலைத் திறந்து,
மூக்கால் ஒரு மெட்டு இழுப்பார்.
சிவப்புப் பருப்பு வேகும்வரை வரும் அந்த மெட்டு.
பருப்பு வெந்தால் நின்றுவிடும்.
பாதியில் நின்றாலும்
பாதி என்று தோன்றாது.

ஆற்றைப் பற்றியது என்று கையை அசைத்துக் காட்டினார்.
நான் மாடியிலிருந்து பாலாற்றைக் காட்டினேன்,
பாலத்துக்குக் கீழே மணல், சீமைக்கருவேலம்,
கிரிக்கெட் ஆடும் பையன்கள்.
பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.
இதற்குப் பாட்டு உண்டா என்பதுபோல.
உண்டு என்றேன். தண்ணிதான் இல்லை.

ஆடிச் செவ்வாய். கரண்ட் போய்
கோயில் ஸ்பீக்கரும் ஊமை.
அவர் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார்.
ஆறு நாளாய் அந்தப் பெண்ணின் தொண்டைக்குள்
எதுவும் இறங்கவில்லை;
இன்றைக்குச் சொல்கிறோம் என்றிருந்தார்களாம்.
மெட்டு இல்லை.
நானும் ரேடியோவை நிறுத்தினேன்.
கஞ்சிக்கு இதுவரை எனக்குப் பாட்டு அகப்படவில்லை.
அடி பிடிக்குமுன்
ப்ளக், ப்ளக் என்று அது சொல்வதை
யாராவது கேட்க வேண்டும்.
அடுப்பு மேடையில் அவர் செல்போன் மல்லாந்து கிடந்தது.
கஞ்சியைப் பார்ப்பதுபோல
இருவரும் அதையே பார்த்தோம்.

அடித்தது.
கம்பெனிக்காரன். ரீசார்ஜ் முடிகிறதாம்.
அவனிடமும் பணிவாய்
"ஆச்சா, ஆச்சா" என்றார்.

மறுபடி அடித்தபோது ஒன்பது இருக்கும்.
யார் என்ன சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை.
கரண்டியால் மேடையில் இரண்டு தட்டுத் தட்டி
என் ரேடியோவைக் காட்டினார்.
போட்டேன்.
உழவர்களுக்கான அறிவிப்பு:
நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்பூச்சி,
விளக்குப் பொறி வைக்க வேண்டிய நேரம்.
அதற்குத் தலையாட்டிக்கொண்டே
கஞ்சியைத் தூக்கில் ஊற்றி, மூடியை அழுத்தி,
இருட்டில் இரண்டிரண்டு படியாய் இறங்கிப் போனார்.

அன்றைக்கு என் சோறு குழைந்துவிட்டது.
மூணேகால் பாட்டு ஆகியிருக்கும்,
போட்டிருந்தால்.
அவர் எடுக்க மறந்த பருப்பு
மேடையிலேயே இருந்தது.
தும்மிக்கொண்டே
இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டேன்.