இறக்கத்தில் மட்டும்

சட்டையைத் திருப்பிக் கேட்டார்கள்.
துவைத்து, கொலர் வரை ஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.
பத்மதேவன் என்பது பட்டிக்குள் அடங்கவில்லையென்று
பத்மா என்று தைத்திருந்தார்கள்.
ஒன்பது வருஷம் பத்மாவாக இருந்தேன்
கண்டியில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் சோபா, கோப்பி, டீவி.
வாகனக்காரர் அங்கேதான் இருப்பார்.
முதுகை மட்டும் பார்த்திருக்கிறேன்.
அவர் சொன்னதை ஒரு பிள்ளை எழுதி
எழுதியதை கம்பியூட்டர் சுருக்கி
என் கைக்கு வரும்போது
அது ஓர் இலக்கம்,
நாற்பத்திரண்டு நிமிஷத்தில் முடிக்க வேண்டியது.

ஹட்டனில் நிலாப்தீனின் கராஜ் என்பது
நாலு தூண், தகரம், மூன்று பக்கமும் மூடுபனி.
முதல் நாள் குழியில் முழங்கால் மட்டுக்கு மழைத்தண்ணி.
வாளியால் இறைத்தேன். ஒரு தவளையையும் இறைத்தேன்.
லிஃப்ட் எங்கே என்று கேட்டதற்கு
"இங்க வண்டி மேல போகாது,
நீதான் கீழ போகணும்" என்றான்.

பஞ்சிகாவத்தையில் பழசாக வாங்கிய ஸ்பானர் செட்டில்
பதின்மூன்று இல்லை.
உலகத்தில் உள்ள போல்ட் எல்லாம் பதின்மூன்று.

சொல்லாமல் விடக்கூடாது:
இருபத்தைந்தாம் திகதி வந்தால் வயிறு தேடுகிறது,
சம்பளம் விழும் அந்த டிங் சத்தத்தை.
சுடுதண்ணீர்க் குழாயையும் தேடுகிறது.
இங்கே கை கழுவ மண்ணெண்ணெய், பிறகு குளிர்.

மூன்றாவது கிழமை புளோமினா அக்கா வந்தாள்,
நோர்வூட் பிள்ளைகளை ஏற்றும் ஸ்கூல் வேன்.
சாவியைத் தரவில்லை. குடையை மடக்கவில்லை.
குழி விளிம்பில் நின்று வாயாலேயே சத்தத்தைப் போட்டாள்:
"க்ரீஈஈ... இறக்கத்துல மட்டும்.
பிள்ளைக இருந்தா மட்டும்."

கண்டியில் இதற்கு இலக்கம் இல்லை.
ஏறி உட்கார்ந்தேன்
பதினோரு பிள்ளைகளுக்கும் ஒரு டிஃபன் கூடைக்கும் நடுவில்.
டிக்கோயா வளைவில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்
நான் கேட்பதற்காக.
கேட்டது.
இரும்பு இரும்பைத் தின்னும் சத்தம்.

திரும்பி வந்து சில்லைக் கழற்றும்போது
டேஷ்போர்டில் இருந்து ஒரு கடதாசி எடுத்தாள், எட்டாக மடித்தது.
"லீசிங்காரன் பேச்ச கேட்டு கண்டிக்கு கொண்டுபோனேன்.
எண்பத்தாறாயிரமாம்.
பத்மான்னு ஒருத்தி எழுதியிருக்கா.
அவ பிள்ளைய ஏத்திக்கிட்டு இந்த ரோட்டுல வந்திருப்பாளா?"

வாங்கிப் பார்த்தேன்.
என் எழுத்துத்தான். அங்கே நான் இருந்த கடைசி மாதம்.
பேட், டிஸ்க், இரண்டு பக்கமும்.
பிழை ஒன்றும் இல்லை, இன்றைக்கும் அதையேதான் எழுதுவேன்.
எழுதிவிட்டு அடுத்த இலக்கத்துக்குப் போயிருக்கிறேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி
கோப்பியைக் குடிக்காமல் எழும்பி
கடுகண்ணாவையில் இல்லாத பயத்தோடு
கினிகத்தேனை வளைவெல்லாம் ஏறி இறங்கி
மூன்று மாதம் காலை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நிலாப்தீன் என்னைப் பார்த்தான்.
நான் பதின்மூன்றைத் தேடினேன்.

டிஸ்க் கிடைத்தது, நாவலப்பிட்டியில்
மண்ணில் குத்திய இன்னொரு வேனில் இருந்து.
மைக்ரோமீட்டரை இரவல் வாங்கி இரண்டு தரம் அளந்தேன்,
அந்தப் பழக்கத்தை மட்டும் அவர்களால் திருப்பிக் கேட்க முடியவில்லை.
பேட் புதுசு. காசு பத்தாம் திகதி,
தோட்டத்தில் சம்பளம் போட்டு
தாய்மார் வேன்காசு கொடுத்த பிறகு.

பில் புத்தகம் இல்லை. கொப்பி ஒற்றையைக் கிழித்தேன்.
கீழே பெயர் எழுத நிறைய இடம் இருந்தது.
பத்மதேவன் என்று முழுசாக எழுதினேன்.
வாசித்தாள்.
அந்தப் பழைய கடதாசியை விரித்துப் பக்கத்தில் வைத்தாள்.
மழை தகரத்தில் கொஞ்ச நேரம் பேசியது.
இரண்டையும் ஒன்றாக மடித்து
டேஷ்போர்டுக்குள் போட்டாள்.
"ஏறு" என்றாள். "இறங்கிப் பாப்போம்."

பின்னேரம், பிள்ளைகளோடு, அதே வளைவு.
மிதித்தாள். வேன் நின்றது.
ஒரு சத்தமும் இல்லை.
பின்சீட்டில் ஒரு வாண்டுக்கு அது பொறுக்கவில்லை,
"க்ரீஈஈ" என்று தொடங்கினான்.
அடுத்த வளைவில் பதினோரு பேரும்.