கொஞ்சம் ஈரம்

மால்கம் விட்ட முதல் பகிடியைக்
குருமண்வெளித் துறையில் வைத்து நான்தான் கொன்றேன்.
நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு
நான் அவருடைய தமிழ்.

தை வெள்ளம். மழை விட்டு ஒரு மணித்தியாலம்கூட இல்லை.
ஜீப் கதவு மட்டத்துக்குச் சேற்றில் குந்தியிருந்தது.
அவர் அதை ஒருமுறை சுற்றி வந்து
முகத்தில் ஒரு தசையும் அசையாமல்
கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்றார்.
அப்படியே தமிழில் சொன்னேன்.
சங்கச் செயலாளர் சீனித்தம்பி குனிந்து பார்த்தார்.
'கொஞ்சமில்ல சேர், எஞ்சினுக்குள்ளயும் போயித்து.'
பின்னால் ஒரு குரல்: 'பாவம், கண் விளங்காதாக்கும்.'

பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார்.
அவருடைய நாட்டில் பகிடி விடுகிற ஆள் சிரிக்கக் கூடாதாம்.
வீடு பற்றி எரிந்தால்
குளிர் கொஞ்சம் குறைவு என்பார்களாம்.
ஒஸ்லோவில் எடுபடவில்லை, நைரோபியில் பாதி எடுபட்டது,
மட்டக்களப்பில் எப்படி என்று கேட்டார்,
புது விதைநெல்லைப் பற்றி விசாரிக்கிற மாதிரி.
பார்க்கலாம் என்றேன்.
நாள் சம்பளக்காரி வேறென்ன சொல்ல?

துறையில் நின்ற பொடியன் கத்தினான்:
'பாதை வருகுது, நில்லுங்க!'
சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டேன்.
எங்களுக்கு அது பாதைதான். மிதவைக்கு மேல் பலகை அடித்து
மோட்டார் சைக்கிள், மாடு, ஆசிரியைமார்
எல்லாரும் ஏறுகிற பாதை.
மால்கம் திரும்பினார்.
வாவியில் ரோட்டு ஒன்று
அவரை நோக்கி மிதந்து வந்துகொண்டிருந்தது.
சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத்
திரும்பவும் பார்த்துத் திரும்பவும் சிரித்தார்.
துறையில் ஒருவருக்கும் பேச்சில்லை.
'என்னகா அவருக்கு?' என்றாள் மீன்கூடையோடு நின்றவள்.
தினமும் வருகிற பாதை.
என்ன சொல்ல?

ஏறும்போது மாடொன்று அவர் காலை மிதித்தது.
மாட்டைப் பார்த்து, மரியாதையாக,
'சொறி' என்றார்.
'சேர் சொல்றார் மனே, சொறிஞ்சு விடு!'
பாதை ஒரு பக்கம் சரிகிற அளவுக்குச் சிரிப்பு.
அவர் என்னைப் பார்த்தார்.
இந்தத் தடவை அவர் பகிடி விடவேயில்லை.

மண்டூர்ப் பள்ளிக்கூடத்தில், மேசை மேல்
இரண்டு கோழியோடு நேசம்மா இருந்தாள்.
படிவத்தில் ஏழாவது கேள்வி: வீட்டுக்குச் சேதம் என்ன?
யோசித்தாள்.
'பெரிசா ஒண்டுமில்ல.
கறிக்கு மீன் வாங்கப் போற வேலை மிச்சம்.
குசினிக்குள்ளயே நிக்குது.'
முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.
நான் சொல்லி முடிக்க, மால்கம் பேனையை மூடினார்.
இவ எந்த ஊர் என்று கேட்டார்,
தன்னுடைய தெருக்காரியைக் கண்டுவிட்ட மாதிரி.

எட்டாவது: இதற்கு முன் இடம்பெயர்ந்தீர்களா?
'பிரச்சின நேரம் ரெண்டு தரம்.
கடல் வந்த அண்டைக்கு ஒரு தரம், கல்லாத்தில.'
என்ன பிரச்சினை என்றார் மால்கம்.

அப்போதுதான் எனக்கும் காதில் விழுந்தது.
முப்பது வருசத்தை,
தண்ணி வரி கட்டப் பிந்தின கணக்காய்,
பிரச்சினை என்கிறோம்.
பனையுயரம் எழும்பி ஊரைக் கொண்டுபோனதைக்
கடல் வந்தது என்கிறோம்,
பின்னேரம் தேத்தண்ணிக்கு வந்து போன மாதிரி.
சொன்னேன். எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.
இதுவும் பகிடியா என்றார், மெல்ல.
அந்த இடத்தில் எனக்கு
இரண்டு மொழியும் வரவில்லை.
கோழி ஒன்று மேசையிலிருந்து குதித்துத்
தண்ணீரைக் கண்டு திரும்ப ஏறியது.

திரும்பி வர, ஜீப்பை உழவு மெசினில் கட்டி இழுத்தார்கள்.
மழை பிடித்துவிட்டது, சாக்கைக் கவிழ்த்துக் கொட்டுகிற மழை.
சீனித்தம்பி வானத்தைப் பார்த்தார்.
'சேர்,' என்றார், 'கொஞ்சம் ஈரம்.'
முகம் கல்லு.
மால்கம் ஒரு சப்பாத்தைக் கழற்றி
உள்ளிருந்த வாவியை ஊற்றிவிட்டு
'கொஞ்சம்தான்' என்றார், தமிழில்.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அதற்கு நான் தேவைப்படவுமில்லை.
சம்பளம் மட்டும் முழுசாகத் தந்தார்கள்.