ஒன்று புள்ளி ஒன்று

பேட்டரியின் மைனஸைத்தான் முதலில் கழற்றினேன்.
சிரித்தாய், வேடியப்பா.
"சாவி என் பாக்கெட்டுலதானே இருக்கு அக்கா."

பாளையம் டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம் என் ஷெட்.
தொப்பூர்க் கணவாய் ஏறி வந்த லாரிகள்
வாசலில் நின்று மூச்சு வாங்கும்.
கிளட்ச் தீய்ந்த வாசனையில்தான் எனக்கு டீ.

கேம்ஷாஃப்டை நீ ஓசூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தாய்,
மடியில், ஈரிழைத் துண்டில் சுற்றி,
பெயர் வைக்கப்போகும் பிள்ளையைப் போல.
பழைய சிட்டிக்கு இந்தத் தண்டு பெரிது.
லோபின் மூக்கு உயரம்;
வால்வை அதிகம் திறக்கும், அதிக நேரம் திறந்தே வைக்கும்.
மண்ணெண்ணெயில் கழுவி
மூக்கு மூக்காக நகத்தால் தடவினேன்.
எங்கும் தடுக்கவில்லை.
நல்ல சாமான்தான்.
அது போதும் என்று நினைத்துவிட்டாய்.

தொப்பிகளுக்கு நம்பர் உண்டு, அம்புக்குறி உண்டு.
கழற்றும்போது ஓரத்திலிருந்து உள்ளே,
பூட்டும்போது நடுவிலிருந்து வெளியே,
கால் சுற்று, கால் சுற்றாக.
ஒரு முனையை மட்டும் அவிழ்த்துவிட்டால்
அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்குகள்
தண்டைச் சாக்பீஸ் மாதிரி ஒடித்துப் போடும்.

ஊரில் எல்லா எஞ்சினும் வலம் சுற்றும்,
இந்த எஞ்சின் இடம்.
தெரியாமல் வலம் திருகி
பெல்ட்டைப் பல் மாற வைத்தவர்கள்
நானறிய தர்மபுரியில் இரண்டு பேர்.
ஒருத்தி நான்.

ஹெட் இறங்கிய பிறகு உன்னைக் கடைக்கு அனுப்பினேன்.
களிமண் வாங்கி வா,
பள்ளிக்கூடத்தில் யானை செய்வார்களே, அது.
கேலி செய்கிறேன் என்றே நினைத்திருப்பாய்.
"பச்சைதான் இருந்துச்சு."

பிஸ்டன் தலையில் தட்டி ஒட்டினேன்.
வால்வுக்கு ஒரு சொட்டு எண்ணெய், ஒட்டாமல் இருக்க.
பழைய கேஸ்கெட்டையே போட்டு
ஹெட்டை உட்காரவைத்து
டார்க் ரென்ச் 'டக்' என்னும்வரை இறுக்கி
குறிக்குக் குறி பெல்ட் மாட்டி
பிளக் இல்லாமல், ஸ்டார்ட்டர் இல்லாமல்
நீள ராட்செட்டால்
கையாலேயே இரண்டு முழுச் சுற்று.
இடம்.

முட்டினால் கை நின்றுவிடும்.
ஸ்டார்ட்டர் நிற்காது.

திறந்தோம். களிமண்ணில் நாலு பிறை.
அழகாயிருக்கு என்றாய்.
பிளேடால் குறுக்கே அறுத்து
மெல்லிசான இடத்தில் வெர்னியர் வைத்தேன்.
இன்லெட் பக்கம், ஒன்று புள்ளி ஒன்று மில்லி.
என் கணக்கு, குறைந்தது இரண்டு.

"முட்டலையே அக்கா."
முட்டவில்லை.
ஏழாயிரம் ஆர்.பி.எம்.மில் அந்த வால்வு
நொடிக்கு ஐம்பத்தெட்டு தரம் இறங்கி ஏறும்.
பெல்ட் சற்று நீளும்.
ஸ்பிரிங் ஒரே ஒரு தரம் சுணங்கும்.
ஐம்பத்தெட்டில் எந்த ஒன்று என்று
உன்னால் சொல்ல முடியுமா?
பிஸ்டன் எதற்கும் வழிவிடுவதில்லை.

சனிக்கிழமை ராத்திரி கணவாயில் யாரோடோ பந்தயம்.
நீ சொல்லவில்லை.
முன்பக்கம் மட்டும் மாற்றியிருந்த
புது டயர் இரண்டும் சொல்லின.

"வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றாய்.
பார்த்துக்கொள்.
சேலத்தில் ஒரு லேத்காரர் இருக்கிறார்,
பிஸ்டனில் வால்வுக்குப் பள்ளம் செதுக்குவார்,
செவ்வாய்க்கிழமைதான் கிடைப்பார்.
அவசரமென்றால் உன் பழைய கேம் இதோ,
அதுவும் கணவாய் ஏறும்.
லாரிகளுக்குப் பின்னால்.

நீ எதுவும் பேசவில்லை.
கோபமா என்று தெரியவில்லை,
மிச்சக் களிமண்ணை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே
டோல்கேட்டில் லாரிகள் நகர்வதைப் பார்த்திருந்தாய்.
புதுத் தண்டுக்கு எண்ணெய் தடவி
அதே துண்டில் சுற்றினேன்.

காலையில் ஷெட்டைத் திறந்தால்
மைனஸ் ஒயர் தொங்கியபடி வண்டி அங்கேயே நிற்கிறது.
ஜன்னலில் ஒரு பச்சை யானை.
தும்பிக்கைக்கு மண் போதவில்லை போல.