காற்று என்று எழுதியது

வரைபடத்தில் அது வெட்டவெளி.
பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது.
"மேசை மேல் எறும்பு மாதிரி தெரிவார்கள்" என்றார்
தலைமையகத்திலிருந்து பேசியவர்.
அவர் இந்த மண்ணில் நடந்ததில்லை.

சொலோமியா நடந்திருக்கிறாள்.
போருக்கு முன் ஆறு வருஷம்
இதே வயலின் மேல் ட்ரோன் விட்டு
சூரியகாந்தி எண்ணியவள்:
சதுர மீட்டருக்கு இத்தனை தண்டு,
இந்த மூலையில் மழை நின்று வேர் அழுகும்,
இங்கே சால் ஒரு முழ ஆழம்.
ஒரு முழம் போதும் என்பாள்,
ஒருவன் குப்புறப் படுத்துவிட்டால்
மண் அவனைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

நான் மிக்கோலாயிவில் லிஃப்ட் மெக்கானிக்.
இங்கே என் வேலை பேட்டரிகளை அடைகாப்பது.
குளிரில் அவை கோழிமுட்டை;
சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும்.
இருபது நிமிஷம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது
வெளியே எடுத்தால் ஒன்பதாகிவிடும்.
இன்னொரு வேலை காற்றுக் குறிப்பேடு.
அரைமணிக்கு ஒருதரம் வெளியே போய்
சுழலும் கிண்ணங்களைப் பார்த்து எண் எழுதுவது.
அசோவ் கடலில் கிளம்புகிற காற்றை
இங்கே வந்து சேரும்வரை
தட்டிக்கேட்க ஆளில்லை.

போன மாதம் நூல் கட்டிப் பறப்பவை தந்தார்கள்,
கண்ணாடி நூல், இரைச்சலால் அறுக்க முடியாதது.
அறுத்தது சூரியகாந்தித் தாள்.
வெயில் வந்தால் வயல் முழுக்க இப்போது மினுமினுக்கிறது.

காலை ஏழு நாற்பது. ஏழு பேர்.
அவர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்:
ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே எண்பது தப்படி,
யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை.
எங்களிடம் மூன்று.
முதலாவது கிளம்பியதுமே
இறக்கையில் பனி பிடித்துக் கல்லாய் விழுந்தது.
இரண்டாவதன் காதில் யாரோ இரைச்சலை ஊற்றினார்கள்;
திரையில் கோடு கோடாய் மழை, பிறகு ஒன்றுமில்லை.
மூன்றாவதை எட்டு மணி தாண்டிக் கிளப்பினோம்.

மேலிருந்து பார்த்தால் எல்லாமே தட்டை.
தாள், மண்கட்டி, மனிதன்.
மேகம் மூடிய நாளில் நிழலும் காட்டிக்கொடுக்காது.
உரச்சாக்கு ஒன்றை
ஆள் என்று இரண்டு நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்தாள்.
இரண்டு நிமிஷம் என்றால் பேட்டரியில் கால்வாசி.

பிறகு ஒருவன் கிடைத்தான்.
மழை நிற்கும் அந்த மூலையில்
பனிப்பொருக்கு உடைந்து முழங்கால்வரை சேறு.
ஒரு பூட்ஸ் போய்விட்டது,
கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.
சத்தம் கேட்டிருக்கும்.
தலை தூக்கவில்லை.
பூட்ஸ் கிடைத்தால் போதும்
மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது போல.

இறங்க இறங்க சிக்னல் சாகும், தெரிந்ததுதான்.
பூமி கொஞ்சம் வளைந்தது, நடுவில் ஒரு மேடு;
கடைசி இருபது மீட்டர் குருடு.
படம் உறைந்துவிடும்,
அப்புறம் விரல்கள் மட்டும்தான் பறக்கின்றன.
அவள் கட்டைவிரல்களைப் பார்த்தேன்.
இடது விரல் அசைந்ததா?
அசைந்தது.
எந்தப் பக்கம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தூரத்தில் யாரோ கதவு சாத்தினாற்போல் ஒரு சத்தம்.

மாலை அறிக்கையில் மூன்று வரி.
முதல் இழப்பு: பனி.
இரண்டாம் இழப்பு: அலைக்குறுக்கீடு.
மூன்றாம் இழப்பு: காற்று,
இலக்கிலிருந்து நாற்பது மீட்டர் விலகல்.
சரிபார்த்துக் கையெழுத்துப் போடு என்று நீட்டினாள்.

எட்டு மணிக்குக் கிண்ணங்கள் நின்றிருந்தன.
எட்டரைக்கும் நின்றிருந்தன.
குறிப்பேட்டில் என் கையெழுத்தில், என் பென்சிலில் இருக்கிறது.

போட்டுக்கொடுத்தேன்.
பேட்டரி சூடாயிருக்கா என்று கேட்டாள்.
வயிற்றைத் தொட்டுப் பார்த்து
இருக்கு என்றேன்.